லைப்ரரி அம்மா பதில்கள்

கடலூர் மாவட்டத்துக் கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த இதழ் முழுக்க நூலகம் பற்றி வந்த கேள்விகள்.

வீட்டு வரி ரசீதில் ‘நூலக வரி’ என்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். நான் நூலகப் பக்கம் போய்ப் பல வருடம் ஆகிறது. போகாதவன் எதற்குக் கட்ட வேண்டும்?
– வீட்டுக்காரர் ஒருவர், நெல்லிக்குப்பம்

டிக்கெட் வாங்கிவிட்டு தியேட்டர் வாசலோடு திரும்பி வந்தவர் கேட்கிற மாதிரி இருக்கிறது ஐயா. பணத்தைத்தான் கட்டிவிட்டீர்களே, உள்ளே போய் உட்காருங்கள்!

சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. உங்கள் சொத்து வரி 1,200 ரூபாய் என்றால் 120 ரூபாய் நூலகத்துக்கு. நகராட்சியோ ஊராட்சியோ வசூல் செய்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். புத்தகம், நாளிதழ், கரண்ட் பில், கட்டட வாடகை என்று நூலகத்தின் அன்றாடச் செலவுக்கு ஆதாரம் இந்தக் காசு. 1948ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தில் செய்த ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவில் முதலில் நூலகச் சட்டம் போட்டது நாம்தான். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார். அதற்கு ரொம்ப நாள் முன்பு, 1930லேயே, மாதிரி மசோதா ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர்.ரங்கநாதன். ஆட்சியில் இருப்பவர்களின் தயவை நம்பி நூலகம் நடக்கக் கூடாது, அதற்கென்று தனி வரும்படி வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் சொன்னதே சரி என்று நான் சர்வீஸில் இருந்த காலமெல்லாம் பார்த்தேன். பணத்தட்டுப்பாடு என்று வந்துவிட்டால் முதல் வெட்டு புத்தகத்துக்குத்தான் விழும்.

ஆகவே உறுப்பினர் அட்டை கேட்டுப் போகும்போது தயங்கி நிற்காதீர்கள். அது நீங்கள் காசு போட்டு நடத்துகிற இடம்.

புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகம் நிஜமாகவே இருநூறு வருடப் பழசா? அவர் இங்கே கவர்னராக இருந்தவரா?
– கல்லூரி மாணவி, அரியாங்குப்பம்

கவர்னர் வேறு, ரோலண்ட் வேறு கண்ணு. நூலகம் 1827ல் தொடங்கியது. 2027ல் இருநூறு நிறைகிறது. தொடங்கி வைத்தவர் அப்போதைய கவர்னர் டெபாசின் தெ ரிஷ்மோன். முதலில் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் உள்ளே போக முடிந்தது. பிற்பாடுதான் எல்லாருக்கும் கதவு திறந்தது.

ரோமன் ரோலண்ட் 1866ல் பிறந்த பிரெஞ்சு எழுத்தாளர். 1915ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு. காந்தி, ராமகிருஷ்ணர், விவேகானந்தர் மூவரைப் பற்றியும் புத்தகம் எழுதியவர். வட்டமேசை மாநாடு முடிந்து திரும்புகிற வழியில், 1931 டிசம்பரில், காந்தி ஸ்விட்சர்லாந்துக்குப் போய் அவரைப் பார்த்தார். ஆனால் ரோலண்ட் இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. 1966ல் அவருடைய நூற்றாண்டு வந்தபோது நூலகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். நூலகம் இருக்கிற வீதியின் பெயரையும் கவனி. ரங்கப்பிள்ளை வீதி. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தாரே, 1736லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினாரே, அந்த ஆனந்தரங்கப் பிள்ளை.

சின்னப் பெண்ணாக இருந்தபோது பாண்டிச்சேரியில் சித்தப்பா வீட்டுக்குப் போனால் அந்த நூலகத்துக்கும் கூட்டிப் போவார்கள். எனக்குப் புத்தகத்தைவிட அங்கே வந்த சொல்தா தாத்தாக்களைப் பார்க்கத்தான் ஆசை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை செய்து பென்ஷன் வாங்குகிறவர்கள். பேண்ட்டை இடுப்புக்கு மேலே ஏற்றி பெல்ட் போட்டுக்கொண்டு, பிரெஞ்சுப் பத்திரிகையை மூக்குக்கு நேரே பிடித்துப் படிப்பார்கள். பக்கத்து மேசைக்காரர் தினத்தந்தி படிப்பார். இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து டீ குடிக்கப் போவார்கள்.

பரீட்சைக்காகக் கேட்கிறாய் என்றால் இதையும் குறித்துக்கொள். தமிழ்நாட்டில் பொது நூலகத்துக்கென்று தனி இயக்ககம் உண்டு. புதுச்சேரியில் நூலகங்களைப் பார்த்துக்கொள்வது கலை பண்பாட்டுத் துறை. 1955ல் ஏற்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வேறு. அங்கே சைவ ஆகம ஓலைச்சுவடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் 2005ல் சேர்த்தார்கள்.

நூலகப் புத்தகத்தின் முதுகில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கமாவுமாக ஏதோ எழுதி ஒட்டியிருக்கிறார்களே, அது என்ன கணக்கு? நூலகரைக் கேட்டால் சிரிக்கிறார்.
– ஆசிரியர், பண்ருட்டி

சிரித்தவருக்கும் மறந்து போயிருக்கும். எனக்கு மறக்காது. ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு இந்தக் கையால் எழுதியிருக்கிறேன்.

அது ரங்கநாதன் 1933ல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை. அவர் நமக்கு அடுத்த ஊர்க்காரர் தெரியுமா? சிதம்பரம் தாண்டி, கொள்ளிடம் தாண்டினால் சீர்காழி. கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் போனார். லண்டனுக்குப் படிக்கப் போன இடத்தில், ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தாராம். அதே துண்டுகளை வேறு வேறு விதமாகப் பூட்டி கிரேன் செய்கிறார்கள், பாலம் செய்கிறார்கள். புத்தகத்தின் விஷயத்தையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டினால் என்ன என்று அங்கேதான் தோன்றியதாம்.

இப்போது முதுகைப் பாருங்கள். முதல் எழுத்து ‘ஓ’ என்றிருந்தால் இலக்கியம். 31 என்றால் தமிழ். கமா. அப்புறம் 1 வந்தால் கவிதை, 2 நாடகம், 3 கதை. அதற்குப் பின்னால் ஒரு எழுத்தும் இரண்டு எண்ணும் வரும். அது எழுதியவர் பிறந்த வருடம். ‘எம்’ என்றால் ஆயிரத்து எண்ணூறுகள், ‘என்’ என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரங்கள். ஆக, ஓ31,1எம்82 என்றால்? தமிழ், கவிதை, 1882ல் பிறந்தவர். பாரதி! ஓ31,3என்06 புதுமைப்பித்தன். ஓ31,3என்34 ஜெயகாந்தன். பின்னவர் இருவரும் கடலூரில் பிறந்தவர்கள். ஒருவர் திருப்பாப்புலியூரில், ஒருவர் மஞ்சக்குப்பத்தில், நடுவில் கெடிலம் ஆறு மட்டும்தான். எங்கள் அலமாரியிலோ அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருபத்தெட்டு வருடத்து எழுத்தாளர்கள் வரிசையாக நிற்பார்கள். அலமாரியின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை நடந்தால் தமிழ்க் கதை வளர்ந்த வரிசையிலேயே நடக்கலாம். அகர வரிசையில் அடுக்கினால் அந்தச் சுகம் கிடைக்காது.

தலைவலியும் உண்டு. நாவலைக் கையில் கொடுத்து ‘நம்பர் போடு’ என்பார்கள். எழுதியவர் எந்த வருடம் பிறந்தார் என்று பின் அட்டையில் இருக்காது. பெண் பெயரில் எழுதுவார், ஆண் என்று அப்புறம் தெரியும். பதிப்பகத்துக்குக் கார்டு போட்டால் பதில் வராது. மாத நாவல் எழுதுகிறவர்கள் பாடு இன்னும் மோசம், மாதம் நாலு புத்தகம் வந்து குவியும். நடைமுறையில் என்ன செய்வோம் என்றால், அதிகமாகக் கேட்கிற ஆசிரியர்களின் புத்தகங்களை எடுத்து வாசலுக்குப் பக்கத்து ராக்கில் மொத்தமாக வைத்துவிடுவோம். ரங்கநாதனே கோபித்துக்கொள்ள மாட்டார். ‘வாசகரின் நேரத்தைச் சேமி’ என்பது அவர் 1931ல் எழுதிய ஐந்து விதிகளில் நாலாவது.

எங்கள் ஊர் நூலகத்தில் காலையில் போனால் பெரியவர்கள் பேப்பரைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார்கள். மாலையில் போனால் குரூப் 4 எழுதுகிற பையன்கள் சொந்தப் புத்தகத்தை விரித்துக்கொண்டு எல்லா நாற்காலியையும் பிடித்துக்கொள்கிறார்கள். கதைப் புத்தகம் படிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இடமில்லை. இது நூலகமா, சத்திரமா?
– வாசகி, குறிஞ்சிப்பாடி

சத்திரம் என்றால் கேவலமா அம்மா? வழிப்போக்கருக்கு இடம் கொடுத்து, காசு கேட்காமல் அனுப்பின இடம்.

சரி, உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அந்த நாளிதழ் மேசைக்காக நான் கொஞ்சம் வாதாடுகிறேன். நான் கடைசியாக இருந்த நூலகத்தில் சாவி போடும் முன்னாலேயே திண்ணையில் நாலைந்து பேர் இருப்பார்கள். பேப்பர் ஒன்றுதான், ஆனால் அது மேசைக்கு வந்த நிமிஷத்தில் மூன்றாகப் பிரிந்துவிடும். நடுத்தாள் விளையாட்டுப் பக்கத்துக்காரருக்கு. இணைப்பு ராசிபலன் பார்க்கிறவருக்கு. முதல் பக்கம் யாருக்கு என்பது எழுதாத சட்டம், வயதில் மூத்தவருக்கு. கரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் நேராக இரங்கல் விளம்பரப் பக்கத்துக்குப் போவார். யார் போனார்கள் என்று பார்த்துவிட்டு மற்றவர்களிடம் சொல்வார், ‘பதினாறாம் நாள் எப்போது’ என்பதுவரை அங்கேயே முடிவாகிவிடும். தேவனாம்பட்டினத்திலிருந்து சைக்கிளில் வருகிற ஒருவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் வாய்விட்டுப் படிக்க, அவர் காற்று, மழைச் செய்தி கேட்டுவிட்டுப் போவார். ‘அமைதி காக்கவும்’ பலகைக்கு நேர் கீழேதான் இது நடக்கும். நான் தடுத்ததில்லை.

தூங்குகிறவர்களையும் எழுப்பியதில்லை. வீட்டில் மத்தியானம் ஃபேன் போட்டால் மருமகள் முகம் சுளிக்கிறாள் என்று ஒருவர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் விஷயம் கொஞ்சம் சிக்கல். அவர்கள் நம் அலமாரியைத் தொடுவதே கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை சமச்சீர் பாடப் புத்தகங்களைச் சொந்தமாகக் கொண்டுவந்து, அடிக்கோடு போட்டுப் படிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது நாற்காலி, விளக்கு, போன் சார்ஜ் போட ஒரு பிளக். ‘இவர்கள் வாசகர்கள் கணக்கில் வருவார்களா’ என்று சக நூலகர்களோடு சண்டையே போட்டிருக்கிறேன். வருவார்கள் என்பது என் கட்சி. ஒற்றை அறை வீட்டில் டிவி ஓடும்போது எங்கே போய்ப் படிப்பது? அதற்காக எல்லா நாற்காலியையும் விட்டுக்கொடுக்கவும் முடியாது. நான் செய்தது இதுதான்: ஜன்னலோரம் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, வார இதழ்களையும் நாவல்களையும் அந்தப் பக்கம் மாற்றி, ‘பெண்கள் பகுதி’ என்று சாக்பீஸில் எழுதினேன். முதல் வாரம் யாரும் வரவில்லை. தையல் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் அவர்கள் கூட்டாளிகள். பிறகு அந்த பெஞ்சில் ஒரு பையனும் உட்காரத் துணியவில்லை.

உங்கள் நூலகத்தில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கும். பெயரளவில் இருந்தாலும் தலைவர் என்று ஒருவர் இருப்பார். நீங்கள் நாலு பெண்கள் சேர்ந்து அந்தக் கூட்டத்துக்குப் போய், ஒரு பெஞ்ச் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். தனியாக ஒருவர் வாயால் சொன்னால் ‘பார்க்கலாம்மா’ என்பார்கள், நாலு கையெழுத்தை அப்படிச் சொல்ல முடியாது.

அம்மா வார இதழ்களிலிருந்து கிழித்து பைண்ட் செய்த தொடர்கதைகள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. அப்பாவின் பழைய புத்தகங்களும் உண்டு. வீடு மாறுகிறோம். ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமா?
– மகன், விருத்தாசலம்

தம்பி, முதலில் பழைய பேப்பர்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

அந்த பைண்டிங்கில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். வாரா வாரம் பின்னைக் கழற்றி, தாளை ஓரம் சமமாகக் கத்தரித்து அடுக்கியிருப்பார். கழற்ற விட்டுப்போன பின் துருப்பிடித்து, பழுப்புப் புள்ளியாக நாலு பக்கத்துக்கு ஊறியிருக்கும். நடுவில் ஓர் அத்தியாயம் மட்டும் நோட்டுத் தாளில் கையெழுத்தாக இருக்கிறதா? அந்த வாரம் இதழ் கிடைத்திருக்காது, பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிப் பார்த்து எழுதியிருப்பார். கதைக்குப் பின்பக்கத்தில் சோப்பு விளம்பரம், சமையல் குறிப்பு, துணுக்கு. அதே கதையைப் புத்தகமாகக் கடையில் வாங்கினால் ஓவியங்கள் பெரும்பாலும் இருக்காது, இந்தப் பின்பக்கங்கள் இருக்கவே இருக்காது. ஆய்வு செய்கிறவர்கள் தேடி அலைவது அதைத்தான்.

கிளை நூலகத்துக்கு இது பொருந்தாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர் கைக்குப் போனால் உதிர்ந்துவிடும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு பட்டியல் எழுதி அனுப்புங்கள்: இதழ் பெயர், வருடம், கதைத் தலைப்பு. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஒரு மனிதர் தன் காசைப் போட்டுச் சேர்த்த புத்தகங்களிலிருந்து 1994ல் பிறந்த நூலகம் அது. பீரோ பைண்டிங்கின் அருமை அவர்களுக்குத் தெரியும். உங்களிடம் இருப்பது அங்கே ஏற்கெனவே இருந்தால் வேண்டாம் என்பார்கள், வருத்தப்படாதீர்கள்.

அப்பாவின் புத்தகங்களில், கதை, கவிதை, வரலாறு, சிறுவர் நூல், நல்ல அகராதி எல்லாவற்றையும் ஊர் நூலகத்துக்குக் கொடுக்கலாம். பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியம், 1954லிருந்து 1968வரை வந்த பத்துத் தொகுதியும் முழுசாக இருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவார்கள். பழைய வருமான வரிக் கையேடும் பள்ளிக்கூட நோட்ஸும் வேண்டாம், அது உங்கள் பாரத்தை நூலகர் தலையில் இறக்குவது. ஆனால் ஊர்ப் பள்ளியின் நூற்றாண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், சங்கத்து ஆண்டறிக்கை என்று எதாவது இருந்தால் அதை மட்டும் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் வரலாறு எழுத வருகிற எவருக்கும் நான் முதலில் எடுத்துக் கொடுத்தது மலர்களைத்தான். நன்கொடையாளர் பெயர் விளம்பரத்திலேயே அந்தக் காலத்துக் கடைத்தெரு முழுக்க இருக்கும்.

மழைத் தண்ணீர் புகுந்து புத்தகங்கள் நனைந்துவிட்டன. வெயிலில் காய வைக்கலாமா?
– கடலூர் முதுநகர் வாசகர்

வெயில் வேண்டாம். அட்டை வளைந்து, தாள் முறுக்கிக்கொள்ளும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது நான் இருந்த வாடகைக் கட்டடத்தின் ஓடுகள் பறந்துவிட்டன. கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை. அப்போது செய்ததைச் சொல்கிறேன்.

சொட்டச் சொட்ட நனைந்ததை விரித்துப் பார்க்காதீர்கள், கிழியும். மூடியபடியே சாய்த்துத் தண்ணீரை வடிய விடுங்கள். பிறகு நிழலில், காற்று வரும் இடத்தில், விசிறி மாதிரி லேசாக விரித்து நிற்க வையுங்கள். இருபது முப்பது பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் செருகி, ஈரம் இழுத்ததும் மாற்றிக்கொண்டே இருங்கள். பளபளப்புத் தாளில் அச்சடித்த படப் புத்தகத்தை மட்டும் ஈரமாக இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரித்துவிட வேண்டும். ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரியவே பிரியாது. இரண்டு மூன்று நாளுக்குள் முடியுங்கள், பூஞ்சை அதற்கு மேல் காத்திருக்காது. நேரம் இல்லையென்றால், முக்கியமான நாலைந்தை பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். முழுக்கக் காய்ந்த பிறகே அலமாரிக்குள் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்துதான்.

என் மகனுக்கு எட்டு வயது. எந்நேரமும் போன். நூலகத்துக்கு எப்படிப் பழக்குவது?
– தாய், வில்லியனூர்

கூட்டிக்கொண்டு போங்கள், புத்தகத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். மட்டமான காமிக்ஸை எடுத்தாலும் பேசாமல் இருங்கள். உங்களுக்கும் ஒன்று எடுத்து, அவன் பார்க்கப் படியுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் பிறந்த ஊர் நூலகத்தில் எடுத்த நாவல் ஒன்று இப்போது பரணிலிருந்து கிடைத்தது. தேதித் தாளில் 1987 என்று முத்திரை இருக்கிறது. திருப்பிக் கொடுக்க ஆசை, ஆனால் அபராதம் எவ்வளவு வருமோ என்று பயம்.
– பெயர் வேண்டாம், சிதம்பரம்

நாள் கணக்குப் போட்டு உங்கள் நகையை வாங்கிக்கொள்ள மாட்டார்கள், பயப்படாமல் போங்கள். அந்தக் காலத்து உறுப்பினர் பதிவேடே இப்போது இருக்குமோ என்னவோ. இருப்புச் சரிபார்க்கும்போது காணவில்லை என்று எழுதி, புத்தகத்தைக் கணக்கிலிருந்தே எடுத்திருப்பார்கள். எனவே நூலகருக்கு உங்கள் புத்தகம் கொஞ்சம் தொல்லைதான்: செத்துப் போனதாக எழுதின ஆள் நேரில் வந்து நிற்கிற கதை. ‘நன்கொடை’ என்று சொல்லிக் கொடுங்கள், புது எண் போட்டுச் சேர்த்துக்கொள்வார்.

மனசு கேட்கவில்லை என்றால் ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர் ஆகிவிடுங்கள். பலகையில் பெயர் எழுதுவார்கள், எதற்காக என்று யாரும் கேட்கப் போவதில்லை. போவதற்கு முன்னால் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள், கிளை நூலகம் என்றால் வெள்ளிக்கிழமை விடுமுறை.